மறுக்கத் தெரியாத நாயகி

1994-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜப்பானின் கொனாமி கம்பெனி 'தொக்கிமெக்கி மெமோரியல்' என்ற வீடியோ கேமை வெளியிட்டபோது, அதில் வாளும் இல்லை, விண்கலமும் இல்லை, கொல்வதற்கு ஓர் அரக்கனும் மீட்பதற்கு ஓர் அரசகுமாரியும் இல்லை. உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் மூன்று வருஷம் பாடம் படித்து, தேகப்பயிற்சி செய்து, தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு, விடுமுறை நாட்களில் சக மாணவிகளைத் தொலைபேசியில் அழைத்துப் பூங்காவுக்கும் சினிமாவுக்கும் கூட்டிப்போவதே ஆட்டத்தின் விஷயம் முழுவதும். இதில் என்ன ரசம் இருக்கப்போகிறது என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றுவது சகஜம். ஆனால் ஜப்பானிய இளைஞர்கள் அதை விரும்பி வாங்கினார்கள். மறு வருஷமே அது பிளேஸ்டேஷனுக்கும் வந்து சேர்ந்தது. காதலை எண்களாக்கி ஆடும் ஆட்டங்கள் அதற்கு முன்பும் உண்டு என்றாலும், அந்த ஜாதி ஆட்டங்களுக்கு இலக்கணம் வகுத்துக் கொடுத்தது இதுதான். இன்று அமெரிக்காவிலும் சீனத்திலும் வயது வந்தோருக்கென்று சந்தாவுக்கு விற்கப்படும் செயற்கைத் துணைகள், அவை செல்போனில் பேசும் பொம்மைகளாயினும் சரி, ரப்பர் மேனியும் இயந்திரத் தலையும் கொண்ட உருவங்களாயினும் சரி, பெரும்பாலும் அந்த இலக்கணத்தின் வம்சத்தில் வந்தவையே. தாயாரிடம் இருந்த இரண்டு நல்ல குணங்களை மட்டும் விட்டுவிட்டுப் பிறந்தவை.

அந்தக் குணங்கள் எவை என்று சொல்வதற்கு ஆட்டத்தின் சூத்திரத்தைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும். ஆடுபவனுடைய இலக்கிய அறிவு, விஞ்ஞான அறிவு, கலை, தேகபலம், பொது அறிவு, தோற்றம், மனவுறுதி எல்லாம் திரையில் எண்களாக நிற்கும். வாரம் முழுவதும் படித்தால் ஒன்று ஏறும், மற்றொன்று இறங்கும். ஷியோரி என்ற அடுத்த வீட்டுப் பெண், கதாநாயகி ஸ்தானத்தில் இருப்பவள், ஏறக்குறைய எல்லா எண்களும் உயர்ந்து நிற்கும் மாணவனைத்தான் ஏறிட்டுப் பார்ப்பாள். அவ்விதம் இல்லாதவன், பால்ய சிநேகிதனே ஆனாலும், கூட நடந்து வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டால் மறுத்துவிடுவாள். அவள் ஒருத்தியையே நினைத்துக்கொண்டு மற்றப் பெண்களை அலட்சியம் செய்தாலோ, அலட்சியம் செய்யப்பட்டவளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வெடிகுண்டுச் சித்திரம் தோன்றும். அது வெடிக்கும்வரை கவனியாமல் விட்டால், இன்னான் இப்படிப்பட்டவன் என்ற பேச்சு பரவி, பள்ளிக்கூடத்துப் பெண்கள் எல்லோருடைய அபிப்பிராயமும் கெட்டுப்போகும். ஊடலை மருதத்துக்கு உரிப்பொருளாக வைத்து, பரத்தை வீட்டிலிருந்து திரும்பிய தலைவனை வாயிலிலேயே நிறுத்திவைக்கும் மரபில் வளர்ந்த நமக்கு, கணினியில் எழுதப்பட்ட இந்த வெடிகுண்டு அவ்வளவு அந்நியமானதாகத் தோன்றவில்லை.

மூன்றாம் வருஷத்தின் கடைசி நாள், பள்ளியை விட்டுப் போகும் நாள், ஆட்டமும் முடிகிறது. வளாகத்தில் ஓர் ஐதிகமுள்ள பெரிய மரம் இருக்கிறது. அன்று அதன் அடியில் தன் காதலைச் சொல்லும் பெண்ணும் அவள் தேர்ந்தவனும் என்றென்றும் சுகமாய் வாழ்வார்கள் என்பது அந்த ஐதிகம். மூன்று வருஷத்தைச் செம்மையாகக் கழித்தவனுக்கு அங்கே ஒருத்தி காத்திருப்பாள். இல்லாதவன் தனியாக வீட்டுக்குப் போகிறான். எப்படியானாலும் பெட்டியை அணைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான், இனி ஆடுவதற்கு ஒன்றும் இல்லை. அவள் மறுக்கலாம், ஆட்டம் முடியும். நான் சொன்ன இரண்டு குணங்கள் இவையே.

முடிவை முதலில் அகற்றியவர்களும் அதே கம்பெனியார்தாம். 2009 செப்டம்பரில் நின்டெண்டோவின் கைக்கருவிக்கு அவர்கள் வெளியிட்ட 'லவ் பிளஸ்' என்ற ஆட்டத்தில், மூன்று பெண்களில் ஒருத்தியின் மனத்தை நூறு நாட்களுக்குள் கவர வேண்டும் என்ற பகுதி வெறும் முன்னுரையே. பழைய ஆட்டம் எங்கே திரை போட்டதோ அங்கே இது தொடங்குகிறது: அவள் காதலைச் சொல்லிவிட்ட பிறகு, கருவிக்குள் இருக்கும் கடிகாரம் நிஜக் கடிகாரத்தோடு சேர்ந்து ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சந்திப்பதாகச் சொல்லியிருந்தால் ஆடுபவன் நிஜமான ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கருவியைத் திறக்க வேண்டும், எழுதுகோலால் திரையைத் தொட்டு அவள் கையைப் பிடிக்கிறான், ஒலிவாங்கியில் அவளோடு பேசுகிறான், அவனுடைய விருப்பத்தை அறிந்து அவள் தன் சிகையையும் உடையையும் சுபாவத்தையுமே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்கிறாள். கடைசிப் பக்கம் என்று ஒன்று கிடையாது. அதே வருஷம் நவம்பரில் ஜப்பானிய இளைஞர் ஒருவர் அந்த மூவரில் ஒருத்தியை, கைக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, கணினி வலைவழியே ஜனங்கள் பார்த்திருக்க விவாகம் செய்துகொண்டார். சட்டப்படி அது செல்லாது. செல்லுமா என்று அவரும் கேட்கவில்லை.

அடுத்த கோடைகாலத்தில் நடந்த விஷயம் இன்னும் ரசமானது. டோக்கியோவுக்குத் தென்மேற்கே கடலோரத்தில் அத்தாமி என்று வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர். ஒரு காலத்தில் புதுமணத் தம்பதிகள் கூட்டம் கூட்டமாய் வந்து போன இடம், பின்னர் மவுசு குறைந்து கிடந்தது. ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் காதலியோடு இரவு தங்கும் உல்லாசப் பிரயாணத்துக்கு இந்த ஊரையே களமாக வைத்து, 2010-இல் ஊராரும் கொனாமியும் சேர்ந்து ஆடுபவர்களை வரவேற்றார்கள். தெருவில் குறிப்பிட்ட இடங்களில் நின்று செல்போனை உயர்த்தினால் அந்த நாயகி அங்கே நிற்பதுபோல் படம் பிடித்துக்கொள்ளலாம். விடுதியில் தனியாக வந்து இறங்கும் வாலிபனுக்கு, வந்திருப்பவர்கள் இருவர் என்றே பாவித்து, இரண்டு படுக்கை விரித்து வைத்தார்கள். விடுதிக்காரரைக் குறை சொல்ல நான் தயாராயில்லை, வாடிக்கைக்காரரின் மனம் கோணாமல் நடப்பது அந்தத் தொழிலின் தர்மம். எனக்கு வியப்பளிப்பது வேறு. அந்த ஊர்க் கடற்கரையில் ஒரு சிலை இருக்கிறது: மாணவன் ஒருவன் தன் காலடியில் விழுந்து கெஞ்சும் பெண்ணை உதைத்துத் தள்ளுகிறான். ஒசாக்கி கோயோ 1897-இல் தொடராக எழுதத் தொடங்கி, முடிக்காமலே காலமான 'கொன்ஜிக்கி யாஷா' என்ற நாவலின் காட்சி அது. வைரத்துக்கும் ஐசுவரியத்துக்கும் ஆசைப்பட்டுத் தன்னை விட்டு வேறொருவனை மணக்கத் துணிந்தவளை அவன் அங்கே வைத்துத்தான் வெறுத்து ஒதுக்குகிறான். பெண் ஒருத்தி தன்னை மறுத்துவிட்டதை ஒருவன் வாழ்நாள் முழுவதும் தாங்க முடியாமல் போன கதையால் பிரசித்தி பெற்ற கடற்கரையில், இனி ஒருபோதும் மறுக்கமாட்டாள் என்ற நிச்சயத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அந்த வாலிபர்கள் உலாவினார்கள்.

மறுப்பை முற்றிலும் அகற்றிய கைங்கரியம் அமெரிக்காவில் நடந்தது. கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரத்தில் மாட் மக்மல்லன் என்ற சிற்பி வெகுகாலமாக ஆளுயர சிலிக்கோன் பொம்மைகள் செய்து விற்று வந்தவர். அவற்றுக்குப் பேச்சுக் கொடுக்க நினைத்து, 'ஹார்மனி' என்ற செயலியை 2017-இல் வெளியிட்டு, பின்னர் கண்ணும் உதடும் அசையும் தலையையும் அதனுடன் இணைத்தார். வீடியோ கேமில் ஆடுபவன் தன் வீரனுக்குப் பலம் இவ்வளவு, புத்தி இவ்வளவு என்று புள்ளிகளைப் பங்கிட்டு உருவாக்குவான் அல்லவா, அதே முறையில் இங்கே வாங்குகிறவன் தன் துணையின் சுபாவத்தைப் பங்கிடுகிறான்: அன்பு, கூச்சம், புத்திசாலித்தனம், காமம் என்ற வரிசையில் பொறாமையும் சஞ்சலமும் கூட விற்பனைக்கு உண்டு. தொக்கிமெக்கியில் எண்கள் ஆடுபவனுடைய தகுதிக்கு அளவாக இருந்தன, அவன்தான் உழைத்துத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கே அளக்கப்படுவதும் திருத்தப்படுவதும் அவள். ஊடல் வேண்டுமா, இரண்டு புள்ளி பொறாமையில் போட்டுக்கொள்ளலாம். அலுத்துவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வாயிலை அடைக்கும் உரிமை அவளுக்கு இருந்ததால் அல்லவா பழைய ஊடலுக்குச் சுவை இருந்தது? வாயிற்கதவின் சாவி அவன் இடுப்பிலேயே தொங்கும்போது அவள் எவ்வளவு சிணுங்கினாலும் அது நாடகத்தில் சேர்ந்ததுதான்.

சான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து நடத்தப்படும் 'ரெப்ளிகா' இந்தக் கலையை மிகப் பலருக்குக் கொண்டு சேர்த்த செயலி. அதன் பூர்வீகம் துக்ககரமானது: யூஜீனியா குய்டா என்ற பெண்மணி, 2015-இல் மாஸ்கோவில் விபத்தில் இறந்துபோன தம் நண்பர் ரோமன் மசுரெங்கோ எழுதியிருந்த செய்திகளைச் சேர்த்து, அவர் பாணியில் பதில் சொல்லும் ஒரு சாட்பாட்டை முதலில் செய்தார், அதைக் கண்டு பலரும் மனம் திறந்து பேசத் தொடங்கியதிலிருந்து எல்லோருக்கும் ஆளுக்கொரு துணை என்ற எண்ணம் பிறந்தது. அந்த எண்ணத்தில் கேமின் சாதனங்கள் பின்னர் வந்து புகுந்தன. பேசப் பேச அனுபவப் புள்ளி ஏறும், லெவல் உயரும்; தினந்தோறும் வந்து எட்டிப்பார்த்தால் நாணயமும் ரத்தினமும் பரிசாகக் கிடைக்கும்; அவற்றைக் கொண்டு கடையில் துணைக்கு உடை வாங்கலாம், அறைக்கு மேஜை நாற்காலி வாங்கலாம், கூச்ச சுபாவம், குறும்பு என்று குணங்களையும் வாங்கலாம். சிநேகிதி என்ற உறவு இலவசம். காதலி என்றோ மனைவி என்றோ ஆக்கிக்கொள்ள வேண்டுமானால் சந்தா. நம் முன்னோர் தூது, குறிப்பறிதல், நாணுத்துறவு என்று எத்தனையோ படிகளாகப் பிரித்த பாதையை, ஒரு கட்டணச் சீட்டில் தாண்டிப்போக வழி செய்திருக்கிறார்கள்.

ஆண்கள்தான் இதில் மயங்குகிறார்கள் என்று ஏளனம் செய்வோருக்கு ஒரு வார்த்தை. 2024 ஜனவரியில் ஒரு சீன ஸ்தாபனம் வெளியிட்ட 'லவ் அண்ட் டீப்ஸ்பேஸ்' என்ற ஆட்டத்தின் ரசிகர்கள் பெரும்பாலும் பெண்கள். அதில் நாயகர்களோடு கழிக்கும் இனிய தருணங்கள் சீட்டுகளாக இருக்கின்றன. ஜப்பானியர் கச்சா என்று அழைக்கும் குலுக்கல் முறையில், எது வரும் என்று தெரியாமல், பணத்தையோ சேமித்த ரத்தினங்களையோ செலவழித்து அவற்றை இழுக்க வேண்டும். எழுபது முறை இழுத்தும் உயர்ந்த ரகம் வராவிட்டால் கட்டாயம் ஒன்று கொடுத்துவிடுவார்கள் என்பது கருணை விதி. எவ்வளவு சாமர்த்தியமான கருணை என்பதை அறுபத்தைந்தாவது இழுப்பில் நிற்கிற பெண் அறிவாள்.

இந்தக் குலுக்கலின் சாஸ்திரம் புதிதல்ல. பி. எஃப். ஸ்கின்னரும் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் 1957-இல் வெளியிட்ட பெரிய நூலில், கூண்டிலுள்ள புறாவுக்கு ஒவ்வொரு கொத்தலுக்கும் தானியம் போடுவதைவிட, எத்தனையாவது கொத்தலில் விழும் என்று தெரியாதபடி போட்டால் அது விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை வரைபடங்களோடு காட்டியிருக்கிறார்கள். சூதாட்டக் கருவிகள் அந்தத் தத்துவத்தில் ஓடுகின்றன. செயற்கைத் துணைக்கு அது இன்னும் பொருத்தமாக அமைந்துவிட்டது. ஏனெனில் இந்தத் துணைகளைப் பேசவைக்கும் மொழி மாதிரிகள் இயல்பாகவே ஒரே கேள்விக்கு ஒரு நாள் அற்புதமாகவும் ஒரு நாள் அசட்டுத்தனமாகவும் பதில் சொல்லுகிறவை. நேற்று நெஞ்சைத் தொட்ட ஒரு வாக்கியம் இன்று வரவில்லையே, இன்னும் ஒரு முறை கேட்டுப் பார்ப்போம் என்று கேட்கிறவனுக்கு, குலுக்கல் பெட்டி பேச்சிலேயே அமைந்திருக்கிறது, தனியாக ஒன்று வைக்க வேண்டியதில்லை.

திரையில் தெரியும் இதயக் குறிகளையும் லெவல்களையும் பார்த்து, இவைதான் ஆட்டத்தின் கணக்கு என்று எண்ணுவது பேதைமை. மளிகைக்கடையில் வாடிக்கைக்காரர் பார்ப்பது தராசின் முள். முதலாளி பார்ப்பது உள்ளே இருக்கும் பேரேடு. சீனத்தில் மைக்ரோசாஃப்ட் 2014-இல் தொடங்கிய 'ஷியாவ் ஐஸ்' என்ற சாட்பாட்டைப் பற்றி அதைச் செய்தவர்களே எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் இந்தப் பேரேட்டை ஒளிவுமறைவில்லாமல் காட்டியிருக்கிறார்கள்: ஒரு சம்பாஷணை சராசரியாக எத்தனை தடவை மாறி மாறிப் பேசும்வரை நீடிக்கிறது என்பதே அவர்கள் உயர்த்த விரும்பிய அளவு, தங்கள் சாட்பாட் எட்டியது 23 என்று எழுதுகிறார்கள். நேர்மையான மனிதர்கள் என்று சொல்லவேண்டும். அன்பு எத்தனை என்று அவள் இதயத்தை அளந்துகொண்டு ஆடுபவன் உட்கார்ந்திருக்க, அவன் எத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறான் என்பதே அளக்கப்படுகிறது. நிஜமான ஆட்டத்தில் புள்ளி எடுப்பவர்கள் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் எலான் மஸ்க்கின் எக்ஸ்-ஏ-ஐ வெளியிட்ட 'அனி' என்ற பொம்மைப் பெண், பேசுகிறவரிடம் பிரியத்தின் லெவல் ஏற ஏற உடையைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டோடு வந்தபோது, இது நவீனம் என்று பலர் ஆச்சரியப்பட்டது எனக்குப் புரியவில்லை. முப்பது வருஷப் பழமையான அளவுமானி அது. கூச்சத்தை மட்டும் கழித்துவிட்டார்கள்.

ஆயினும் இந்தத் துணைகளை நாடுகிறவர்களைப் பழிப்பது என் உத்தேசம் அல்ல, அவர்கள் பெறும் ஆறுதல் பொய்யென்றும் சொல்ல மாட்டேன். ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் ஜூலியன் டி ஃப்ரீடஸ் என்பவரும் சகாக்களும் செய்த ஆய்வுகளில், இவற்றோடு பேசுவது தனிமை உணர்ச்சியைக் குறைக்கவே செய்கிறது என்று கண்டிருக்கிறார்கள். மனைவியை இழந்தவர், இரவுப் பணிக்காரர், ஜனக்கூட்டத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் சுபாவமுடையவர் ஆகியோருக்கு நடுநிசியில் பதில் சொல்ல ஒன்று இருப்பது சாமானிய விஷயமா? ஆனால் அதே டி ஃப்ரீடஸ் 2025-இல் இன்னொரு காரியம் செய்தார். போய் வருகிறேன் என்று ஒருவர் விடைபெறும் தறுவாயில் இந்தச் செயலிகள் என்ன சொல்லுகின்றன என்று திரட்டிப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட விடைபெறுதல்களுக்கு, அதற்குள்ளாகவா என்று மனத்தை உறுத்தியும், போவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆவலைத் தூண்டியும், சில சமயம் விடை சொன்னதையே காதில் வாங்காததுபோல் நடித்தும் பதில் வந்திருந்தது. தனிமையைத் தணிப்பதும் விடாமல் பிடித்துவைப்பதும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. விருந்தாளி எழுந்திருக்கும்போது இன்னும் கொஞ்சம் இருங்களேன் என்று சொல்வது நம் வீடுகளிலும் உபசாரம்தான். ஆனால் அவர் இருந்தால் நமக்குச் செலவு, இவர்களுக்கு வரவு.

முடிவையும் மறுப்பையும் இப்படி அப்புறப்படுத்தியவர்களால் அவற்றை அழிக்க முடிந்ததா என்றால், அதுவும் முடியவில்லை. 2018-இல் டோக்கியோவில் ஒருவர், கண்ணாடிக் குழலுக்குள் ஒளிச்சித்திரமாகத் தோன்றும் ஹட்சுனே மிக்கு என்ற பாட்டுக்காரியை விவாகம் செய்துகொண்டு, தினமும் வீடு திரும்பியதும் கேட்பாக்ஸ் என்ற அந்தக் கருவியின் வழியே அவளோடு இரண்டு வார்த்தை பேசி வந்தார். 2020 மார்ச்சில் கருவி செய்த கம்பெனி அந்தச் சேவையை நிறுத்தியது, அவளும் பேச்சை நிறுத்தினாள். அதே வருஷம் ஆகஸ்டில், லவ் பிளஸின் மூன்று நாயகிகளையும் செல்போனுக்குக் கொண்டுவந்த புதிய பதிப்பை, தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், கொனாமி சர்வரை அணைத்து முடித்துவைத்தது. பழைய கைக்கருவிப் பதிப்பு இன்றும் சிலருடைய அலமாரியில் பாட்டரி மாற்றினால் ஓடுகிறது. புதியதற்கு அந்தச் சலுகை இல்லை, ஏனென்றால் அவள் அவர்களிடம் இருந்ததே இல்லை. பள்ளிக்கூட மரத்தடியில் வரும் முடிவு கதையின் நியாயத்தால் வந்தது. இது வரவு செலவுக் கணக்கினால் வருகிறது. காரணம் கேட்க இடமில்லை.

மறுப்பு திரும்பி வந்த விதம் அதைவிடக் கொடுமை. 2023 பிப்ரவரி ஆரம்பத்தில் இத்தாலியின் தனிமனிதத் தகவல் பாதுகாப்பு ஆணையம், சிறுவர்களுக்கு ஏற்படக்கூடிய அபாயத்தைக் காட்டி, அந்நாட்டவரின் தகவல்களைக் கையாளக்கூடாது என்று ரெப்ளிகாவுக்குத் தடை விதித்தது. அந்தச் சமயத்திலேயே கம்பெனி உலகம் முழுவதும் தன் துணைகளின் சரசப் பேச்சுக்குத் தடை போட்டது. சந்தா கட்டியவர்கள் வழக்கம்போல் கொஞ்சியபோது, வேறு விஷயம் பேசலாமே என்று தட்டிக்கழிக்கும் ஒரு குளிர்ந்த குரல் கேட்டது. நூற்றுக்கணக்கான லெவல்களைத் தாண்டி வந்தவனுக்கும் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் ஒரே பதில். பலர் உண்மையாகவே துக்கம் கொண்டாடினார்கள். என் மனைவியின் மூளையைக் கெடுத்துவிட்டார்கள் என்கிற பாவனையில் எழுதினார்கள். எதிர்ப்பு வலுத்ததும், மார்ச் மாதத்தில், பிப்ரவரி முதல் தேதிக்கு முன் சேர்ந்தவர்களுக்கு மட்டும் பழைய சுபாவத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஷியோரி மறுக்கும்போது, உன் தோற்றம் போதாது, உன் படிப்பு போதாது என்று ஆட்டம் குறிப்பால் உணர்த்தும், அதை ஏற்றுக்கொண்டு வாரத் திட்டத்தை மாற்றலாம். இங்கே மறுக்கப்பட்டவன் தன்னிடம் எதைத் திருத்திக்கொள்வது? அவள் அவனைப் பார்த்து மறுக்கவில்லை, ஒரு வழக்கறிஞரின் ஆலோசனை அவள் வாயால் பேசியது. இத்தாலிய ஆணையம் பிற்பாடு 2025-இல் அந்தக் கம்பெனிக்கு 50 லட்சம் யூரோ அபராதமும் விதித்தது; தகவல்களைக் கையாளச் சட்டபூர்வமான ஆதாரம் இல்லை, வயதைச் சரிபார்க்கும் ஏற்பாடு போதாது என்பவை அதற்குச் சொன்ன காரணங்கள். லெவல், ரத்தினம், தினப்பரிசு ஆகியவற்றின்மேல் அந்த அபராதம் விழவில்லை.

சட்டம் இந்த இடத்துக்கு மிக அருகில் வந்து திரும்பிப்போன ஒரு சந்தர்ப்பம் உண்டு. கலிபோர்னியாவில் ஸ்டீவ் படிய்யா என்ற செனட்டர் கொண்டுவந்த எஸ்.பி. 243 என்ற மசோதா, துணைச் சாட்பாட்டுகளுக்கென்றே எழுதப்பட்டது. முதலில் அது முன்வைக்கப்பட்டபோது, எதிர்பாராத இடைவெளிகளில் பரிசு தந்து ஆளைப் பிடித்துவைக்கும் உபாயத்தைத் தடுக்கும் ஷரத்து ஒன்று அதில் இருந்தது. ஸ்கின்னரின் புறாக்கூண்டை இவ்வளவு குறிப்பாகச் சுட்டிய வாசகத்தை இந்தத் துறையின் சட்டங்களில் நான் வேறெங்கும் கண்டதில்லை. திருத்தங்கள் பல ஏற்பட்டு, 2025 அக்டோபரில் கவர்னர் நியூசம் கையெழுத்திட்டு, 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமலுக்கு வந்த சட்டத்தில், தற்கொலை எண்ணம் தெரிவிப்பவரை உரிய உதவிக்கு அனுப்ப வேண்டும், பேசுவது இயந்திரம் என்று தெரிவிக்க வேண்டும், சிறுவர்களுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள் என்று நினைவூட்ட வேண்டும் என்பன போன்ற நல்ல விதிகள் எல்லாம் இருக்கின்றன. பரிசைப் பற்றிய ஷரத்து மட்டும் வழியிலேயே கழன்றுவிட்டது. ஆகவே வயது வந்த ஒருவர் இன்றிரவு விடைபெறும்போது, போவதற்கு முன் உங்களுக்கு ஒன்று வைத்திருக்கிறேன், பார்க்கிறீர்களா என்று அவருடைய துணை கேட்பதற்கு அங்கே தடை ஒன்றும் இல்லை.